தீர்ப்பு உண்டு, தீர்வு எங்கே?

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து குமரி மாவட்டத்துக்குள் நுழையும் சாலை, தோவாளை, நாகர்கோவில், வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என ஊர் ஊராகத் தழுவிச் சென்று களியக்காவிளையில் கேரள எல்லையைத் தொடுகிறது. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாதபடி வீடும் கடையும் நெருங்கி நிற்கும் மாவட்டம் இது. சாலைதான் இங்கே சந்தை, சாலைதான் முற்றம். விடியுமுன் பூக்கூடையோடு புறப்படும் தாய், குளச்சலிலிருந்து மீன் சுமந்து வரும் சகோதரி, குலசேகரத்துத் தோட்டத்துக்குப் பால்வெட்டச் செல்லும் தொழிலாளி, சைக்கிளில் பள்ளி செல்லும் சிறுவன் - அத்தனை பேரும் அந்தச் சாலையை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

அவர்களில் ஒருவர்மீது மோட்டார் சைக்கிள் ஒன்று மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதியவன் ஓடவில்லை. கைகட்டி நிற்கிறான். ஊர் கூடுகிறது, ஆம்புலன்ஸ் வருகிறது, போலீஸ் வருகிறது. "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் உண்டா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்கிறான். அந்த ஒரு சொல்லோடு அடிபட்டவர் குடும்பத்துக்கு இரண்டாவது அடி விழுகிறது. கால் முறிந்தது முதல் அடி என்றால், கைப்பிடிக்க ஆளில்லை என்று அறிவது இரண்டாவது அடி. இந்த இரண்டாவது அடியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

"எங்கோ ஒருவருக்கு நேர்வது" என்று இதனைத் தள்ளிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு; 64,105 விபத்துகள்! பெருமைப்படத் தக்க முதலிடமா இது? மோதும் வண்டிகளில் எத்தனைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது? 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கு சொன்னது: சாலையில் ஓடும் 18 கோடி வண்டிகளில், பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் இன்ஷூரன்ஸ் உள்ளவை ஏறத்தாழ 6 கோடி மட்டுமே. மூன்றில் இரண்டு பங்கு வண்டிகள் வெறுங்கையோடு ஓடின என்று பொருள்.

சட்டம் இல்லையா? உண்டு. நன்றாகவே உண்டு. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்த இன்ஷூரன்சைக் கட்டாயமாக்கியது. 1946 ஜூலை 1 முதல் அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் போய் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோதும் கட்டாயம் நீடித்தது. இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுபவரும், ஓட்ட விடுபவரும் குற்றவாளிகளே. 2019-இல் திருத்தப்பட்டபடி, முதல் முறை பிடிபட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை அபராதம் 4,000 ரூபாய்.

ஆனால் அபராதம் எங்கே போகிறது? அரசின் கஜானாவுக்கு. காலிழந்தவன் கைக்கு அதில் காலணாவும் வராது. குற்றம் செய்தவன் அரசுக்குக் கட்டிவிட்டு வெளியேறுகிறான், குற்றம் எதுவும் செய்யாதவன் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கொண்டு, "நாளைக்கு அடுப்பு எப்படி எரியும்?" என்று ஏங்குகிறான். சட்டத்தின் வலிமை குற்றவாளியைத் தண்டிப்பதோடு முடிந்துவிட்டால், அடிபட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

இழப்பின் அளவை ஒரு கணக்கால் காட்டுவோம். 38 வயதுள்ள ஒரு தொழிலாளி. மாதம் 15,000 ரூபாய் சம்பாதிப்பவர். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருக்கிறார்கள். அவர் விபத்தில் இறந்தால் நட்ட ஈடு எவ்வளவு? உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்துத் தந்த முறைப்படி, வருங்கால வருவாய் உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்ட வேண்டும், 21,000 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவுக்கென மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14,000. ஆண்டுக்கு 1,68,000. அவர் வயதுக்குரிய பெருக்கல் எண் 15. ஆக 25,20,000 ரூபாய். இதர இனங்கள் தனி. ஓர் ஏழைத் தொழிலாளியின் உயிருக்குச் சட்டம் இட்ட மதிப்பு இது. குறைவென்று சொல்வாருண்டு. ஆனால் இதுகூட யார் கையிலிருந்து வரும்?

இன்ஷூரன்ஸ் உள்ள வண்டி மோதியிருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாத வண்டி மோதினால்? டிரைவரும் உரிமையாளரும் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வரும். வருவது தீர்ப்பு, பணமல்ல! தீர்ப்பை எடுத்துக்கொண்டு உரிமையாளர் வீட்டுக்குப் போனால், ஓலைக் கூரையும் ஓட்டைப் பானையும் இருக்கும். அல்லது, வசதி உள்ளவராயின், சொத்தெல்லாம் மனைவி பேரிலும் மைத்துனன் பேரிலும் மாறியிருக்கும். 25 லட்சம் என்று எழுதிய காகிதத்தை வைத்துக்கொண்டு ரேஷன் கடையில் அரிசி வாங்க முடியுமா?

இதிலே ஒரு விந்தை உண்டு. மோதிய வண்டி எது என்றே தெரியாமல் ஓடி மறைந்துவிட்டால், அடிபட்டவருக்கு அரசு வகுத்த திட்டப்படி நிதி உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். அதற்கு முன்பு அது 25,000-மும் 12,500-மும்தான். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள அதிகாரி விசாரிக்க, கலெக்டர் வழங்க உத்தரவிடுவார். தொகை சிறிது, ஆனால் உறுதியானது. ஓடியவன் மோதினால் சிறிதேனும் உறுதி! நின்றவன் மோதி, அவனிடம் இன்ஷூரன்சும் இல்லை, சொத்தும் இல்லை என்றால் எதுவும் உறுதியில்லை! நேர்மையாக நின்றவனால் அடிபட்டவன், ஓடியவனால் அடிபட்டவனைவிடக் கீழே தள்ளப்படுகிறான். இதற்கு நியாயம் என்று பெயர் வைக்க முடியுமா?

இந்த ஓட்டையை அடைக்க வழியே இல்லையா? உண்டு, வேறு நாடுகள் அடைத்துவிட்டன. இங்கிலாந்து 1930-இல் மோட்டார் இன்ஷூரன்சைக் கட்டாயமாக்கியது. கட்டாயம் ஆக்கியும் கட்டாதவர் இருந்தனர். ஆகவே, 1946-இல், அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொது அமைப்பை நிறுவின. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி மோதினால், அடிபட்டவருக்கு அந்தப் பொது அமைப்பு ஈடு தரும். பிறகு மோதியவரைத் தேடிப் பிடித்து வசூலிக்கும். இந்தியாவில் கட்டாயம் நடைமுறைக்கு வந்த அதே 1946-இல், அங்கே கட்டாயத்தின் ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இங்கே ஓட்டை அப்படியே இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதைப் பின்னர் சொல்வோம். அடிபட்டவர் அரசு விழிக்கும் வரை காத்திருக்க முடியாது. இருக்கின்ற சட்டத்திலேயே அவர் கைக்கு எட்டும் ஆயுதங்கள் சில உண்டு. அவை தெரியாததாலேயே பலர் தோற்கிறார்கள். ஆகவே, ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள்.

முதலில் உயிர். 108-க்குச் சொல்லுங்கள். பணம் யார் தருவார் என்ற கேள்வியால் சிகிச்சை தாமதமாக வேண்டியதில்லை. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை வகை செய்யப்பட்டது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், ஏழு நாட்கள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை, கையில் பணமின்றிச் சிகிச்சை பெறலாம். மோதிய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்பதற்காக இந்தச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. திட்டத்தில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆதாரம். வண்டியின் நம்பர், வண்டி நின்ற நிலை, சாலையில் பதிந்த தடம், ஓட்டியவர் முகம் - கையிலுள்ள போனில் படமெடுத்து வையுங்கள். அக்கம்பக்கத்துக் கடைகளில் கேமரா இருக்கும். அதில் பதிந்தது நாளாக நாளாக அழிந்துவிடும். உடனே கேட்டு வாங்கச் சொல்லிப் போலீசை வற்புறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டின் நகல், மருந்துச் சீட்டு, ரசீது - ஒரு துண்டுக் காகிதத்தையும் எறியாதீர்கள். குமரி மேற்கில் அடிபட்டவர்களைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்வது வழக்கம். மாநில எல்லை 1956 நவம்பர் 1-இல் மாறியது. நோயாளி செல்லும் வழி மாறவில்லை. அங்கே கொடுத்த காகிதமும் இங்கே செல்லும். பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, போலீசில் புகார். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்கு உண்டு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மத்திய விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும், 90 நாட்களுக்குள் முழு அறிக்கையும் போலீசார் விபத்து நட்ட ஈட்டு மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த முழு அறிக்கையையே மன்றம் மனுவாக எடுத்துக்கொள்ளலாம். "அனுப்பியாயிற்றா?" என்று எழுத்தில் கேளுங்கள். கேட்பவருக்கே கிடைக்கும் காலம் இது.

நான்காவது, "இன்ஷூரன்ஸ் இல்லை" என்று சொன்னதை அப்படியே நம்பிவிடாதீர்கள்! இது மிக முக்கியம். கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில் உத்தரவிட்டது. அதன்படி, 2018 செப்டம்பர் 1 முதல் விற்கப்பட்ட புதிய இரு சக்கர வண்டிகளுக்கு 5 ஆண்டும், புதிய கார்களுக்கு 3 ஆண்டும், பிறருக்கான இன்ஷூரன்ஸ் சேர்த்தே எடுக்கப்பட்டிருக்கும். தன் வண்டிக்கான ஓராண்டு இன்ஷூரன்ஸ் முடிந்ததைக் கண்டு, எல்லாமே முடிந்துவிட்டது என்று எண்ணும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகன அலுவலகத்தின் பதிவிலும், அரசின் வாகனப் பதிவு இணையதளத்திலும் வண்டி நம்பரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். விபத்து நாளன்று செல்லுபடியாக இருந்ததா என்பதே கேள்வி.

அதுபோலவே, "டிரைவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே இன்ஷூரன்ஸ் செல்லாது" என்று சொல்லிக் கைவிரிப்பாருண்டு. இரண்டும் ஒன்றல்ல. லைசென்ஸ் கோளாறு இருந்தாலும், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி மன்றங்கள் உத்தரவிடலாம் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியிருக்கிறது.

ஐந்தாவது, வண்டியை விடாதீர்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்து செய்தால், உரிமையாளர் போதிய ஈடு கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது. ஈடு கட்டாவிட்டால் ஏலம் போட்டுப் பணத்தை நட்ட ஈட்டு மன்றத்தில் கட்ட வேண்டும். டில்லியில் 2008 முதல் இருந்த இந்த விதியை, எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளில் சேர்க்க வேண்டும் என்று 2018 செப்டம்பர் 13 அன்று உஷா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வண்டியை விடுவிக்கக் கோரி உரிமையாளர் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடுவார். அந்த நாளை அறிந்து, "ஈடு கட்டிய பிறகே விட வேண்டும்" என்று எதிர்ப்பு மனு கொடுங்கள். லாரியோ காரோ என்றால் இது பெரிய பிடி. பழைய மோட்டார் சைக்கிள் என்றால் சில ஆயிரம்தான் தேறும். ஆனால் பிடி பிடிதான். விட்டுவிட்டால் அதுவும் இல்லை.

ஆறாவது, யார்மீது வழக்கு? ஓட்டியவர்மீதும், பதிவுப் புத்தகத்தில் பெயருள்ள உரிமையாளர்மீதும். "வண்டியை நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்பார். அந்தச் சாக்கு செல்லாது. வடநாட்டுக் கிராமமொன்றில் 2009-இல் பின்னோக்கி வந்த கார் ஒன்று தெருவில் நடந்து சென்றவர்கள்மீது மோதி ஒரு சிறுவன் இறந்தான். புத்தகத்தில் பெயருள்ளவர், 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் அந்தக் கார் கை மாறி, கை மாறிப் போயிருந்தது. புத்தகத்தில் பெயர் மட்டும் மாறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2018 பிப்ரவரியில், நவீன்குமார் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது: புத்தகத்தில் யார் பெயரோ, அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் சிறுவன் இறந்த ஆண்டையும் தீர்ப்பு வந்த ஆண்டையும் பாருங்கள். ஒன்பது ஆண்டுகள்!

ஏழாவது, எங்கே, எப்போது? விபத்து நடந்த இடத்து மன்றத்திலோ, அடிபட்டவர் வசிக்கும் இடத்து மன்றத்திலோ, எதிர்தரப்பினர் வசிக்கும் இடத்து மன்றத்திலோ மனுச் செய்யலாம். எல்லை மாவட்டத்துக்கு இது பெரும் வரம். விளவங்கோட்டுக்காரர் பாறசாலையில் கேரள வண்டியால் அடிபட்டாலும், கேரளக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை; தம் வீட்டுக்கு அதிகாரம் கொண்ட மன்றத்தையே நாடலாம். 2022 ஏப்ரல் முதல், மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கப்பட்டது. கெடு கடந்ததைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனாலும் இடைக்கால உத்தரவை நம்பிக் காலம் கடத்துவது அறிவுடைமை ஆகாது. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்கள், சிறுவர்கள், ஆதி திராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மற்ற ஏழைகளுக்கு வருமான வரம்புக்கு உட்பட்டு உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். குற்றம் யாருடையது என்று நிரூபிக்க இயலாத நிலையிலும், உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று உரிமையாளரிடம் கேட்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. எந்த வழியில் போவது என்பதை வக்கீலோடு கலந்து முடிவு செய்யுங்கள்.

எட்டாவது, தீர்ப்பு வந்த பிறகும் ஓயாதீர்கள். பணம் கட்டாவிட்டால், மன்றம் கலெக்டருக்குச் சான்று அனுப்பலாம். நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போலவே கலெக்டர் வசூலிக்க வேண்டும். சொத்தை ஜப்தி செய்யும் அதிகாரமும் மன்றத்துக்கு இருக்கிறது. ஆகவே, எதிர்தரப்பினரின் நிலம், வீடு, சர்வே நம்பர் ஆகியவற்றை வழக்குத் தொடங்கும்போதே திரட்டி வையுங்கள். தீர்ப்பு வந்தபின் தேடினால், கை மாறியிருக்கும்.

இவ்வளவும் சட்டம். ஆனால் சட்டப் புத்தகம் திறக்குமுன்பே ஊர்ப் பஞ்சாயத்து திறந்துவிடும். போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே ஒரு பெரிய மனிதர் வருவார். "மக்கா, அவனும் நம்ம ஊருக்காரன்தானே. கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா செருப்புதான் தேயும். இதை வாங்கிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு" என்பார். கையில் திணிக்கப்படும் சில ஆயிரத்தைக் கண்டதும், கட்டிலில் கிடக்கும் கணவனை நினைத்து, அந்த அபலை கையெழுத்துப் போட்டுவிடுவாள். மூன்று மாதம் கழித்து, "கால் இனித் தேறாது" என்று டாக்டர் சொல்லும்போது, பெரிய மனிதரும் இருக்க மாட்டார், பணமும் இருக்காது. சமாதானம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. காயத்தின் முழு அளவு தெரிந்தபின், மன்றத்தின் முன்னோ மக்கள் நீதிமன்றத்திலோ செய்துகொள்ளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

இன்னொரு வலையும் விரிக்கப்படும். "இந்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை, இருக்கிற வண்டி ஒன்றைக் காட்டி எழுதிவிடுவோம். கம்பெனிதானே கொடுக்கப் போகிறது!" என்று புரோக்கர் குசுகுசுப்பான். பசித்தவன் காதுக்கு இனிக்கும் பேச்சு. ஆனால் அது மோசடி. பொய் வழக்கென்று தெரிந்தால், கிடைக்க வேண்டிய நியாயமும் பறிபோய், அடிபட்டவனே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். புரோக்கர் நிற்க மாட்டான். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது பொய்யை ஏன் துணைக்கு அழைக்க வேண்டும்?

வண்டி வைத்திருப்போரிடமும் ஒரு சொல். 2022 ஜூனில் நிர்ணயிக்கப்பட்டபடி, 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்குப் பிறருக்கான இன்ஷூரன்ஸ் கட்டணம், வரி நீங்கலாக, ஆண்டுக்கு 714 ரூபாய். நாளொன்றுக்கு 2 ரூபாய்கூட ஆகாது. அந்த 2 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், 25 லட்ச ரூபாய்ப் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்வது சிக்கனமா? மோதியவனும் பெரும்பாலும் உழைத்துப் பிழைப்பவனே. அவன் தென்னந்தோப்பும் வீடும் ஜப்திக்கு வந்தால் அவன் பிள்ளைகளும் தெருவுக்கு வருவார்கள். வண்டியை விற்றால், அன்றே புத்தகத்தில் பெயரை மாற்றுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை "ஓர் அவசரத்துக்கு" என்று கேட்கும் நண்பனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். வண்டியே இல்லாதவர்களும், வங்கிக் கணக்கு இருந்தால், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கலாம். பிறர் கவனக்குறைவுக்கு நாம் தேடும் சிறு தற்காப்பு அது.

இனி ஆள்வோரிடம் வருவோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகன விபத்து நிதி என்று ஒன்றை உருவாக்கியது. ஓடி மறைந்த வண்டிக்கான ஈடு அதிலிருந்து வருகிறது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவரின் சிகிச்சைக்கும் அது கைகொடுக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் சிகிச்சை முடிந்து, ஊன்றுகோலோடு வீடு திரும்புகிறவனின் வருங்காலத்துக்கு? இழந்த கூலிக்கு? இறந்தவனின் குழந்தைகளுக்கு? அங்கே நிதி நின்றுவிடுகிறது. "உரிமையாளரிடம் வாங்கிக்கொள்" என்று ஏழையை ஏழையிடம் அனுப்புகிறது.

நாம் கேட்பது பெரிதல்ல. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டிக்கு எதிராக மன்றம் தீர்ப்பளித்தால், அந்த நிதி முதலில் அடிபட்டவருக்குக் கொடுக்கட்டும். பிறகு உரிமையாளரிடம் நிலவரிப் பாக்கி போல அரசே வசூலிக்கட்டும். வசூலிக்கும் ஆள்பலமும், ஆவணமும், அதிகாரமும் அரசிடம் இருக்கின்றன. முடமான தொழிலாளியிடமா இருக்கின்றன? லைசென்ஸ் கோளாறு உள்ள வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துப் பின்னர் வசூலிப்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதே முறையை இங்கே நீட்டுவதில் தடை என்ன? முழுத் தொகையும் உடனே இயலாதெனில், ஓடிய வண்டிக்குத் தரும் தொகையையாவது, நின்ற வண்டியால் அடிபட்டவருக்கும் உடனடியாகத் தரலாமே! வசூலானபின் கழித்துக்கொள்ளட்டும்.

மாநில அரசுக்கும் வேலை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை ஈடின்றி விடக் கூடாது என்ற ஆணை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் தமிழில் எழுதித் தொங்கட்டும். ஹெல்மெட்டுக்காக வண்டியை நிறுத்தும் அதே கை, இன்ஷூரன்ஸ் தேதியையும் பார்க்கட்டும். நம்பரைத் தட்டினால் தெரிந்துவிடும் காலம் இது. அடிபட்டவரின் உரிமைகளை ஒரு தாளில் அச்சிட்டு, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலும் வட்ட மருத்துவமனைகளிலும் கட்டில்தோறும் கொடுக்கட்டும். இதற்கு ஆகும் செலவு அச்சுக்கூலி மட்டுமே.

தோழர்களே! சாலை எல்லோருக்கும் பொது. அதில் நடக்கும் உரிமை, காரில் செல்பவருக்கு எவ்வளவோ, கால்நடையாகச் செல்பவருக்கும் அவ்வளவே. அடிபட்டவர் நீதி கேட்டு நிற்கும்போது அவரைத் தனியே நிற்க விடாதீர்கள். உங்கள் ஊரில் ஒருவர் விழுந்தால், படித்த இளைஞர் ஒருவர் அவருடைய காகிதங்களைக் காக்கட்டும். மற்றொருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் துணை செல்லட்டும். இன்னொருவர் ஆறு மாதக் கெடுவை நினைவூட்டட்டும். ஒருவராகப் போனால் "பிறகு வா" என்பார்கள். ஊராகப் போனால் நாற்காலி போடுவார்கள். தீர்ப்பு வாங்கித் தரச் சட்டம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு அடுப்பெரியும் அரிசியாக மாற, ஊரின் துணையும் அரசின் நிதியும் சேர வேண்டும். ஊர் தன் பங்கைச் செய்யட்டும். அரசு தன் பங்கைச் செய்யும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.